பதினேழாவது கேள்வி

சிறுவயதில் நாளொன்றுக்கு
எத்தனை கோப்பை பால் அருந்தினீர்கள்?
கீழே நான்கு கட்டங்கள்:
இல்லை. ஒன்று. இரண்டு. மூன்றும் அதற்கு மேலும்.
பேனையை நூலில் கட்டி
மேசைக் காலில் முடிந்திருக்கிறார்கள்.

பெரியாஸ்பத்திரி, எலும்பு பார்க்கிற பகுதி.
மின்விசிறி என் தாளை மட்டும் தூக்குகிறது.
பக்கத்தில் இருக்கும் மருதானைக்காரி
மூன்றுக்கு மேல் என்று துணிந்து
புள்ளடி போட்டுவிட்டு விசிறிக்கொள்கிறாள்.

நான் இன்னும் கணக்குப் பார்க்கிறேன்.
எங்கள் வீட்டுக்குப் பால் கோப்பையில் வரவில்லை.
சட்டையில் வந்தது.

எழுபத்து நாலு. பாணுக்கு விடியமுன் வரிசை.
அப்பாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை.
பால்மாக் கப்பல் என்றால்
கிழிந்தது ஒன்றாவது இருக்கும்.
அன்றைக்கு அவர் கூட்டாளிகளோடு வரமாட்டார்.
கைகளை உடம்போடு ஒட்டி
ஒருவரும் உரசாமல்
கொட்டாஞ்சேனை வரை தனியே நடந்து வருவார்,
கலியாண மாப்பிள்ளை மாதிரி, மெதுவாக.

அம்மா பேப்பரை விரித்து வைத்திருப்பாள்.
'தும்மிராதீங்க.'
சுருட்டிய கையை அவிழ்ப்பாள்.
கொலர், சட்டைப்பை, சாரத்தின் சண்டிக்கட்டு,
கடைசியில் புருவம்.
ஒரு கரண்டி தேறும்.
மாதா புண்ணியத்தில் சிலநாள் ஒன்றரை.
கொதிதண்ணீரில் கரைத்தால்
சாக்கு நார் ஒன்று மேலே மிதக்கும்.
கரிக்கும். பால் என்றால் கரிக்கத்தான் செய்யும் என்று
வெகுகாலம் நினைத்திருந்தேன்.

முக்கால் தம்பிக்கு. கால் எனக்கு.
'ஆம்பிளப் பிள்ள, வளரணும்.'
கதவு நிலையில் பென்சில் கோடுகள்:
பெனடிக்ட் ஏறிக்கொண்டே போனான்.
நான் பன்னிரண்டு வயதில்
மேல்தாழ்ப்பாளுக்கு ஒரு சாண் கீழே
நின்றுவிட்டேன்.

ஆனால் கரண்டி கழுவுவது நான்.
கழுவுமுன் அதன் முதுகை நக்குவேன்.
பிறகு பேப்பரை.
மரண அறிவித்தல் பக்கம்தான் நன்றாக இனிக்கும்.
அண்ணத்தில் ஒட்டிய அந்தப் பசையை
செபமாலை முடியும்வரை
கரையவிடாமல் வைத்திருப்பேன்.
அருள் நிறைந்த மரியே எல்லாம்
கொஞ்சம் கொழகொழத்துத்தான் வரும்.
அது எத்தனை கோப்பை?

இப்போது பால் பட்டால் வயிறு பொருமுகிறது.
பிளேன்டீதான்.
பால்மாவுக்கு ஊரே வரிசையில் நின்ற வருஷம்
நான் மட்டும் நிற்கவில்லை,
பெருமையாகக்கூட இருந்தது.

பெனடிக்ட் ஐந்தடி பதினொன்று.
போன ஐப்பசி மழையில் குளியலறையில் வழுக்கி
இடுப்பெலும்பு போய்விட்டது.
ஒரு தகடு, ஆறு திருகாணி.
என்னுடையது இன்றைக்குத் தெரியவரும்.
அவனைவிட உறுதியாக இருக்கவேண்டும் என்று
ஒரு சின்ன ஆசை, மறைப்பானேன்.
அவனைப் போலவே உளுத்திருந்தாலும் சரிதான்:
முக்காலும் காலும் ஒன்றென்று ஆகிவிடும்,
அம்மாவின் கணக்கில் பிழை இராது.

அப்பாவின் எலும்பை யாரும் படம் பிடிக்கவில்லை.
ஐம்பத்தொன்றில் கூன்.
எத்தனை கப்பல் பாலை முதுகில் இறக்கியவர்,
அவர் குடித்ததும் பிளேன்டீ.

ஏதாவது ஒன்றைப் போடுங்கள் என்று
சிங்களத்தில் அவசரப்படுத்துகிறாள் தாதி.
'இல்லை' மேல் வைத்த பேனையை எடுத்தேன்.
'ஒன்று' அதைவிடப் பெரிய பொய்.
நூல் எட்டும்மட்டும் இழுத்து
தாளின் ஓரத்தில் எழுதினேன்:
கால். களவாக இன்னும் கொஞ்சம்.

அவள் வாசிக்கவில்லை.
செருப்பை, சங்கிலியைக் கழற்றச் சொன்னாள்.
படுங்கள். அசையவேண்டாம்.

கருவி மெல்ல நகர்ந்தது என் மேலே,
கழுத்து, நெஞ்சு, இடுப்பு,
அம்மாவின் கை போன அதே வழியில்.

தும்மல் வந்தது.
அடக்கிக்கொண்டேன்.